பாலத்தின் கடைசி இடம்

கடல்பாலத்தில் மீன் பிடிக்கிறவர்கள் வெல்டருக்கு வைத்த பெயர் 'கடைசிக்காரர்'. பாலம் கடலுக்குள் போய் முடிகிற இடத்தில், கைப்பிடிக் கம்பியோரம் நின்று தூண்டில் போடும் உரிமை அவருடையது. புதிதாக வருகிறவன் கரையோரத் தூண்களில் தொடங்க வேண்டும். முன்னால் நிற்பவர் ஓய்ந்தால்தான் ஓர் இடம் நகரலாம். தன் இடத்தை விட்டு வேறெங்காவது தூண்டில் போட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். யார் போட்ட சட்டமோ, ஊர்ச் சட்டம் அத்தனையையும் மீறுகிறவன்கூட இதை மீற மாட்டான். வெல்டர் தலை நரைத்த பிறகுதான் கடைசிக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

கப்பல் போக வேண்டும் என்று அந்தப் பக்கம் கடலைத் தோண்டினார்கள். அதோடு கடைசியில் மீன் இல்லாமல் போயிற்று. நீரோட்டம் மாறி, மீனெல்லாம் கரையோரத் தூண்களில் ஒட்டிய சிப்பியைக் கொத்தப் போய்விட்டது. கற்றுக்குட்டிகள் அங்கே வாளி நிறையப் பிடித்தார்கள். வெல்டர் பார்த்தும் பார்க்காததுபோல இன்னும் தூரமாக வீசினார்.

வெறும் பொழுதுபோக்கென்றால் போய்த் தொலைகிறது என்று விடலாம். வீட்டில் அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வயிற்றில் கட்டி, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், ஒருநாள் தானாகவே வாய் திறந்தாள்.

"நீங்க பிடிச்ச மீனா இருந்தா ஒரு வாய் சாப்பிடுவேங்க."

வெறுங்கையோடு திரும்பக் கூசி, மறுநாள் மார்க்கெட்டில் ஒன்றை வாங்கிப் போய், தான் பிடித்ததென்று நீட்டினார். அவள் அதன் கண்ணைப் பார்த்தாள்.

"ஐஸ்ல படுத்த மீன் எனக்குத் தெரியாதா? இதுல பொய் வேற!" என்று சிரித்தாள். தொடவில்லை.

பக்கத்து இடத்தில் நிற்கும் பேக்கரிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கரைப்பக்கம் போய்ப் போடுங்களேன். அண்ணிக்குத்தானே?"

"நான் போனா என் இடத்துல நீ நிப்பே."

"நிப்பேன். வழக்கம் அதுதானே?"

ஒளிவுமறைவில்லாத பதில். ஆனால் வெல்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. வீம்புக்கு அந்த வாரம் முழுக்க அங்கேயே நின்றார். மண்ணைத் தவிர ஒன்றுமில்லாத தண்ணீரில் போய் விழுந்தது தூண்டில்.

பிறகு ஒரு காலையில் கொழுந்தியாள் போன் செய்தாள். "அத்தான், அக்காவுக்குத் தண்ணிகூட இறங்க மாட்டேங்குது."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையை நோக்கி நடந்தார். வழியில் நின்றவர்கள் தூண்டிலை ஒதுக்கி வழிவிட்டார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. வெயில் படாத பக்கமாக, தண்ணீர் மோதிச் சுழலும் ஒரு தூணைத் தேர்ந்தெடுத்தார். வீசவில்லை. கம்பிக்கு மேலிருந்து நேராக இறக்கி, தூணை உரசுகிறாற்போல நிறுத்தினார். பீடி பற்றவைப்பதற்குள் நூல் இழுத்தது. உள்ளங்கை அகல மீன், வாளிக்குள்ளும் துள்ளியது. திரும்பிப் பார்த்தபோது கடைசிக் கம்பியோரம் பேக்கரிக்காரர் நின்றிருந்தார்.

உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, முள் பார்த்துப் பார்த்து எடுத்து, ஒரு துண்டை மனைவியின் வாயில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்ல மென்றாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். தொண்டை அசையவில்லை.

"போன வாரம்னா முழுங்கியிருப்பா, அத்தான்," என்றாள் கொழுந்தியாள். குற்றம் சொல்லவில்லை, வருத்தத்தில்தான் சொன்னாள். அவருக்கோ அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

மனைவி கண் திறந்து அவரைப் பார்த்தாள். அவர் உள்ளங்கையைக் குவித்து அவள் வாயருகே நீட்டினார். அவள் அதில் துப்பினாள்.

"ருசியாத்தான் இருக்குங்க," என்றாள்.