நாற்பத்தொரு துப்பாக்கிகளும் ஒரே சாவியும்

எங்கள் வீட்டில் நாற்பத்தொரு துப்பாக்கிகள் இருக்கின்றன. இதைக் கேட்பவர் முகம் மாறுவதற்குள் அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிடுவது என் வழக்கம்: அவற்றில் ஒன்றுகூட நிஜம் கிடையாது. பெரும்பாலானவை பர்மியப் புத்தாண்டான திஞ்சான் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சுபவை. சில பொட்டு வெடிப்பவை. பழைய நாடகக் குழு ஒன்று கலைந்தபோது அப்பா தூக்கிவந்த மரத்துப்பாக்கிகள் இரண்டும் எதுவுமே செய்யாதவை.

அப்பா ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திஞ்சான் முடிந்ததும் தெருவில் உடைந்து கிடக்கும் தண்ணீர்த் துப்பாக்கிகளை எடுத்துவந்து பழுது பார்ப்பதில் ஆரம்பித்தது இது. பிறகு மூங்கில் பீச்சாங்குழல், பித்தளைப் பம்பு, தகரத் துப்பாக்கி, விளக்கெரியும் பிளாஸ்டிக் துப்பாக்கி என்று சேர்ந்துகொண்டே போனது. எல்லாவற்றையும் யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் எங்கள் முதல்மாடி வீட்டின் முன்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியும். யாராவது அண்ணாந்து பார்த்துச் சிரித்தால் அப்பாவுக்கு அன்றைக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கும்.

சிக்கல் மூன்று கறுப்புத் துப்பாக்கிகளால் வந்தது. அவையும் தண்ணீர் பீய்ச்சுபவைதான். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். ராணுவ ஆட்சி நடக்கும் இப்போதைய நாட்களில் யாங்கோனில் சந்தேகம் வரும்படி எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது.

"கீழருந்து யாராச்சும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா போதும். அப்புறம் ஒங்கப்பாவ நான் எங்க போய்த் தேடுறது?" என்றார் அம்மா.

"பூட்டி வச்சா எனக்கே மறந்துபோகும்" என்றார் அப்பா. "பாக்கத்தானே சேத்து வச்சிருக்கேன்."

நான் லிஃப்ட் பராமரிப்பில் வேலை செய்கிறேன். எதையும் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தீர்வு பிடிபடும். நோட்டில் "மாட்டுவது", "பூட்டுவது" என்று தலைப்பிட்டு எழுதினேன். மாட்டுவதன் கீழ் ஒரே ஒரு நல்ல காரணம்தான் இருந்தது: அப்பா. பூட்டுவதன் கீழ் ஏழு இருந்தன. மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து இரும்பு அலமாரி ஒன்றைக் கொண்டுவந்தேன். தட்டுகளில் ஸ்பாஞ்சு வெட்டிப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, கதவின் உட்புறம் பர்மிய மொழியில் ஒரு பட்டியலும் ஒட்டினேன். எண், வகை, நீளம், பாயும் தூரம், குறிப்பு, உரிமையாளர். முடித்து நின்று பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பூட்டு விஷயத்தில் எங்கள் தொழிலின் விதியையே பின்பற்றினேன். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்கும் முன் மின்சார சுவிட்சை அணைத்துப் பூட்டுவோம். பூட்டியவர் சட்டைப்பையில்தான் சாவி இருக்கும். மாற்றுச்சாவி வைக்கவே கூடாது. வேறு யாராவது திறந்துவிட்டால் குழிக்குள் இருப்பவர் கதி என்ன? ஆகவே அலமாரியில் மாட்டிய லிஃப்ட் பூட்டின் இரண்டாவது சாவியை அரத்தால் தேய்த்துத் தூக்கிப் போட்டேன்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. பபேடான் கடைத்தெருவிலிருந்து பொரியும் கடலையும் வாங்கிவந்தோம். பூஜைக்காக ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியினிலிருந்து பெரியம்மா வந்து இறங்கினார். வெளியாள் இரவு தங்கினால் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம் என்பதால் அப்பா காலையிலேயே வார்டு அலுவலகத்துக்குப் போய் விருந்தாளிப் பதிவில் அவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். என் ஸ்பானர்கள், மல்டிமீட்டர், லேப்டாப், அப்பாவின் அரங்கள், பெரிய கம்பி வெட்டி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டோம். கற்பூரம் காட்டும் நேரத்தில் அப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சாவிய வைடி."

"அது எதுக்குப்பா?"

"பூட்டுறது ஒரு வேலைதானே? அப்ப சாவியும் ஆயுதந்தான்."

பழிவாங்குகிறார் என்று தெரிந்தது. இருந்தாலும் வைத்தேன். சாவிக்கும் ஒரு பொட்டு விழுந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை செய்த பிறகுதான் எங்கள் வீட்டில் எடுப்போம். அதுவரை ஒரு திருகாணிகூட நகராது.

மாலை ஐந்து மணிக்கு, பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றை யாரோ இழுத்தார்கள். மேலே மணி அடித்தது. விருந்தாளியைச் சரிபார்க்க வார்டுக்காரர் வந்திருந்தார், கையில் கோப்புடன். ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெரியம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்து, குறித்துக்கொண்டு, கிளம்பத் திரும்பியவர் நின்றார். ஆணி ஓட்டைகள் நிறைந்த சுவரைப் பார்த்தார். அதன் கீழே இருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தார். அதில் தொங்கிய என் பூட்டு, லிஃப்ட் பூட்டு, பளிச்சென்ற சிவப்பு.

"இதில் என்ன?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், சுண்டல் தட்டோடு வந்த பெரியம்மா அதே மொழியில் பெருமையாகச் சொன்னார்: "துப்பாக்கி! நாற்பத்தொன்று!"

அம்மா பெரியம்மா கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"பொம்மைத் துப்பாக்கி" என்றேன்.

"திறங்கள்."

"நாளைக் காலை எட்டு மணிக்குத் திறக்கலாம்" என்றார் அப்பா, பஸ் நேரம் சொல்வது போல.

அவர் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குள் பட்டியல் ஓடியது. மாற்றுச்சாவி: இல்லை, நானே அழித்தேன். பூட்டை வெட்டுவது: கம்பி வெட்டி, பூஜையில். அலமாரியின் பின்பலகையைக் கழற்றுவது: ஸ்பானர்கள், பூஜையில். இது திறக்கவில்லையென்றால் அலமாரியோடு அப்பாவையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது பட்டியலில் எழுதாமலே தெரிந்தது.

"சாவிய எடுத்துக் குடுடி. சாமி மன்னிச்சுக்கும்" என்றார் அம்மா என்னிடம் தமிழில்.

எனக்கு முன்னால் அப்பாவே பூஜைத் தட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். விரல் சாவிக்கு மேலே போய் நின்றது.

வார்டுக்காரர் தட்டை எட்டிப் பார்த்தார். பொரி, வாழைப்பழம், பொட்டு வைத்த லேப்டாப்.

"ஓ, இன்றைக்கு அந்த நாளா?" என்றார். "தெருமுனைக் கடையில் என் மின்விசிறி பழுதுக்குக் கிடக்கிறது. வேலை முடிந்துவிட்டதாம். ஆனாலும் தர மாட்டேன் என்கிறான் உங்கள் ஆள். நாளைக்குத்தானாம். நேற்று ராத்திரி முழுக்க வேர்த்துக்கொண்டு தூங்கினேன், இன்றைக்கும் அப்படித்தான்."

கோப்பிலிருந்து காகித டேப்பை எடுத்து அலமாரிக் கதவுகளின் இடுக்கில் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டார். "எட்டு மணி. இது கிழிந்திருந்தால் நான் வரமாட்டேன். வேறு ஆட்கள் வருவார்கள்." சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

முன்னறையில் படுப்பதாக இருந்த பெரியம்மா, தூக்கத்தில் புரண்டு டேப்பை இடித்துவிடுவோமோ என்று பாயை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் பொய்யா சொன்னேன்?" என்று அம்மாவிடம் மூன்று தடவை கேட்டார்.

காலை எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே மணி அடித்தது. வார்டுக்காரரின் ஒரு கையில் கோப்பு, மறுகையில் மின்விசிறி. அதன் இறக்கையில் சந்தனப் பொட்டு. கற்பூரம் காட்டி முடித்ததும் அப்பா சாவியை அவரிடமே கொடுத்தார். டேப்பைச் சரிபார்த்து, கிழித்து, திறந்தார். முதலில் கண்ணில் பட்டது என் பட்டியல்.

"எண் பதினேழு. கைத்துப்பாக்கி. பாயும் தூரம் இருபத்திரண்டு அடி" என்று வாசித்தார். முகம் இறுகியது. விரல் அடுத்த பத்திக்குப் போனது. "குறிப்பு: தண்ணீர் சில்லென்று இருந்தால் இருபது."

அப்புறம்தான் சிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மூங்கில் பீச்சாங்குழலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். மூன்று கறுப்புத் துப்பாக்கிகளைப் பார்த்ததும் மட்டும் தலையை ஆட்டினார்.

"இவை இப்படியே இருக்க முடியாது பெரியவரே. ஒன்று, என்னிடம் கொடுங்கள். இல்லை, தெருவிலிருந்து பார்த்தாலே பொம்மை என்று தெரிகிற மாதிரி செய்யுங்கள்." பிறகு என்னிடம் திரும்பி, "எதற்காகப் பூட்டினாய் மகளே?" என்றார்.

"பார்த்தால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று."

"பூட்டியிருந்ததால்தானே நான் கேட்டேன்?"

அவர் போனதும் நோட்டில் "மாட்டுவது" பத்தியின் கீழ் இரண்டாவது காரணத்தை எழுதினேன்.

அந்த வாரக் கடைசியில் இரும்புக் கதவுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவுகள் போட்டேன். பூட்டு இருக்கிறது; இரண்டு சாவிகள், ஒன்று அம்மாவிடம். அப்பா பால்கனியில் உட்கார்ந்து மூன்று கறுப்புத் துப்பாக்கிகளுக்கும் ரோஜா நிறம் அடித்தார். முதல் துப்பாக்கிக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே அடித்தவர், மூன்றாவதற்குத் தானாகவே மஞ்சள் பூக்களும் போட்டார். பஸ் நிறுத்தத்தில் இப்போது முன்பைவிட அதிகம் பேர் சிரிக்கிறார்கள்.

பத்து நாள் கழித்து மறுபடி மணி அடித்தது. பால்கனிக்குப் போவதற்குள் தெருவில் ஆள் இல்லை. கயிற்றின் நுனியிலுள்ள கிளிப்பில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. இழுத்துப் பார்த்தால், உள்ளே துருவேறிய தகரத் தண்ணீர்த் துப்பாக்கி, நூலில் கட்டிய ஒரு துண்டுச்சீட்டு. டேப்பில் பார்த்த அதே கையெழுத்து: "ஒழுகுகிறது."

"அன்பளிப்புடி" என்றார் அப்பா.

"பழுதுக்குக் குடுத்திருக்காருப்பா."

உள்ளே ரப்பர் வாஷர் நைந்திருந்தது. மாற்றினேன். பதினான்கு அடி பாய்ந்தது. பட்டியலில் நாற்பத்திரண்டாவது வரியை எழுதி, உரிமையாளர் பத்தியை மட்டும் காலியாக விட்டேன். கண்ணாடிக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி அதை வைத்திருக்கிறார் அப்பா. வார்டுக்காரர் இதுவரை திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்.