இரண்டாம் அணியில் ஒரு பழுப்புக் கட்டு

எங்கள் வட்டாரக் கால்பந்து லீக்கில் பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளை மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாமா என்று இப்போது வாட்ஸப்பில் சண்டை நடக்கிறது. மாமாதான் என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டார். சேர்க்கலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் ஓயாமல் குரல் பதிவு அனுப்புகிறார்கள். முன்பு ஒருமுறை நடந்த ஆள்மாறாட்டத்தை யாராவது ஒருவர் தவறாமல் இழுத்துவிடுகிறார். அது எப்படி வெளியே வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எதுவும் சரியில்லை. அதை வெளியே விட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். நூற்பு மில்லோடு சேர்ந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் செய்யும் பிரிவும் அங்கே இருந்தது. அப்பாவுக்கு அந்தப் பிரிவில் வேலை. மில்லுக்கு ஒரு கால்பந்து கிளப் உண்டு, அதில் இரண்டு அணிகள். முதல் அணிக்காரர்கள் ஆடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து எடுக்கப்பட்ட வெளியூர்க்காரர்கள். மில் விடுதியில் தங்கி, முட்டையும் பாலும் சாப்பிட்டு, காலையும் மாலையும் பயிற்சி செய்து, லீக்கின் முதல் பிரிவில் ஆடினார்கள். இரண்டாம் அணியில் இருந்தவர்கள் ஷிப்டு முடித்துவிட்டு வந்து ஆடுகிற தொழிலாளிகள். அவர்களுக்கு இரண்டாம் பிரிவு. அப்பா அந்த அணிக்கு கேப்டன். வலது பக்கத் தடுப்பாட்டம். வயது முப்பத்தேழு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமையிலிருந்தே பூட்ஸை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளை. அம்மா அதை ஒரு வியாதியாகவே நினைத்தார். அப்பா மட்டும் எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். கோல்கீப்பருக்கு மட்டும் ஏன் வேறு நிறச் சட்டை, நடுவருக்குக் கால் வலிக்காதா என்று ஆரம்பித்து, ஒருநாள் இரண்டாம் அணி இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆகாது. ஒரே கிளப்போட ரெண்டு டீமு ஒரே பிரிவுல ஆடக்கூடாது. அதனால நம்மள மேல விட மாட்டாவ” என்றார் அப்பா.

“அப்பறம் எதுக்கு ஜெயிக்கணும்?”

“தோக்குறதுக்கு மனசு வரலையே பாப்பா” என்றார்.

காலுறை கீழே சரியாமல் இருக்க, முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்களின் வழக்கம். மில் கிளப்பில் அதற்காகக் கடைக்குப் போகவேண்டியதில்லை, சொந்தச் சரக்கே இருந்தது. முதல் அணிக்கு இழுத்தால் நீளுகிற கிரேப் பேண்டேஜ். பழுப்பு நிறம், ஆளுக்கு ஒரு புது ரோல். இரண்டாம் அணிக்குச் சோதனையில் கழித்துப் போட்ட வெள்ளைக் காஸ் துணி. காஸ் துணி நீளாது. கட்டிய அரைமணி நேரத்தில் முடிச்சு தளர்ந்து, நுனி வால் மாதிரிப் பின்னால் ஆடும். மற்ற ஊர்ப் பையன்கள் எங்களை வால் டீம் என்று கூப்பிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் துணியை ஒரே அகலத்தில் கிழித்துச் சுருட்டி வைப்பது என் பொறுப்பு. அதனால் யார் காலில் என்ன கட்டு என்பதில் எனக்கு ஒரு தனி அக்கறை இருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, செட்டியார்பட்டியில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அந்த ஊர் கிளப்புக்குச் செயலாளர், பயிற்சியாளர், ஆட்டக்காரர்களை ஏற்றிவருகிற லோடு ஆட்டோவின் டிரைவர் எல்லாம் அவரே. காதுகுத்தோ கல்யாணமோ, சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இரண்டாம் அணிகளைத் திட்டுவார். “அவிய ரெண்டு டீமு எறக்குதாவ. நான் ஒத்த டீமுக்குப் பதினோரு பேரு சேக்கதுக்குள்ள நாக்கு தள்ளிருது. இதுல எங்க எடத்தையும் அவிய புடிச்சுக்கிட்டா நாங்க எங்க போறது?” என்பார். அப்பா சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே சிரிப்பார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நன்றாகவே இருந்தது.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் இவர்கள் இரண்டு பேருடைய அணிகளுக்கும் இடையில் வந்து விழுந்தது. செட்டியார்பட்டி ஜெயித்தால் முதல் பிரிவுக்குப் போகும். அந்த ஊர் அதுவரை அங்கே போனதே இல்லை. எங்கள் இரண்டாம் அணி தோற்றால் பட்டியலில் கடைசி. அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் லீக்கின் கூட்டம் இருந்தது. மில்களின் இரண்டாம் அணிகளை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று அதில் கை தூக்கி முடிவு செய்யப்போகிறார்கள். கடைசியாக வந்த அணிக்காக யார் பரிந்து பேசுவார்கள்? மில் கிளப்பின் செயலாளர் இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு இதெல்லாம் பிற்பாடு தெரிந்தவை.

ஆட்டத்தன்று எங்கள் அணியின் முன்வரிசையில் ஒன்பதாம் எண் சட்டையில் ஒரு புதியவர் நின்றார். எனக்கு அவர் புதியவர் இல்லை. மில் மைதானத்தில் முதல் அணியோடு பயிற்சி செய்கையில் பார்த்திருக்கிறேன். சீசன் பாதியில் வந்து சேர்ந்தவர். ஒருநாள் எனக்காகப் பந்தைத் தலையில் நிறுத்தி வைத்துக் காட்டியிருக்கிறார். செட்டியார்பட்டிக்காரர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஆட்டக்காரர் பட்டியலில், விடுப்பில் ஊருக்குப் போயிருந்த ஒரு தொழிலாளியின் பெயரில் அவர் இறக்கப்பட்டிருந்தார். சட்டையை மாற்றிக்கொண்டவர் கட்டை மாற்ற மறந்துவிட்டார். பத்து பேர் காலில் வெள்ளை, அவர் காலில் மட்டும் பழுப்பு.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடிப்போய் அப்பாவிடம் கேட்டேன், அந்த ஒன்பதாம் எண்காரருக்கு மட்டும் ஏன் பழுப்புக் கட்டு என்று. அப்பா பாட்டிலை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். “செத்த நேரம் பேசாம இரு பாப்பா” என்று சொல்லிவிட்டு, நான் இல்லாத பக்கமாகத் திரும்பி நின்றார். அப்படி ஒரு பதிலை நான் அவரிடமிருந்து கேட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழுப்புக் கட்டுக்காரர் இரண்டு கோல் போட்டார். செட்டியார்பட்டி ஒன்று. ஆட்டம் முடிந்ததும் மாமா வந்து அப்பாவின் கையைப் பிடித்து, நல்லா ஆடுனிய மச்சான் என்றார். அப்பா சரியென்று தலையாட்டினார். மாமாவின் அணிப் பையன்களில் இரண்டு பேர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் செட்டியார்பட்டிக்குப் போனேன். ஒரு கேள்விக்கு அப்பாவிடம் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த பெரியவரிடம் கேட்பதுதானே முறை? மாமா ஒரு வண்டியின் பிரேக் கேபிளை மாட்டிக்கொண்டிருந்தபோது, மில்லில் இரண்டாம் அணிக்கும் எப்போதிருந்து கிரேப் பேண்டேஜ் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். மாமாவின் கை நின்றது.

“யாருக்குக் குடுத்தாவ?”

“அன்னைக்கு ரெண்டு கோல் போட்டாருல்ல, அவருக்கு. அவரு மொத டீமு மாமா. தலையில பந்த நிப்பாட்டுவாரு.”

மாமா கிரீஸ் கையோடு என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் எனக்குச் சேமியா ஐஸ் வாங்கித் தந்தார். இன்னும் ஏதாவது சொல்ல மிச்சம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே அதைத் தின்றேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அடுப்படியில் அத்தை மாமாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. “நாளைக்கு ஒங்க அக்கா கேட்டா என்ன சொல்லுவிய?”

“மச்சான் பேரு இதுல வராதுல்லா. மாட்டுனா அந்த மில்லு செயலாளருதான் மாட்டுவாரு” என்றார் மாமா. அத்தை அதற்குப் பிறகு பாத்திரங்களோடுதான் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, விடுமுறைக்கென்று கொண்டுவந்திருந்த நல்ல கவுனைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் மாமா. “வா மருமவளே, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வருவோம். அங்க நான் கூப்புடுதப்ப உள்ள வந்து, நீ பாத்தத அப்படியே சொல்லணும். அம்புட்டுதான்.” எனக்குத் தலைகால் புரியவில்லை. கேள்வி கேட்டே திட்டு வாங்கிய என்னை, பதில் சொல்ல ஒருவர் வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகிறார். வண்டி ராஜபாளையத்தைத் தாண்டும்போது, வீட்டில் நிறுத்தி அம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்றேன். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாமா.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் அரங்கில் நடந்தது. என்னை வெளியே வராந்தாவில், ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மாமா உள்ளே போனார். முன்வரிசையில் மில் செயலாளருக்குப் பக்கத்தில் அப்பாவின் பின்னந்தலை தெரிந்தது. கூப்பிடலாமா என்று நினைத்தேன். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே வெகுநேரம் பேசினார்கள். இரண்டாம் அணிகளை எடுத்துவிட்டால் இரண்டாம் பிரிவில் நாலு அணிதான் மிஞ்சும், மூன்று வாரத்தில் சீசன் முடிந்துபோகும் என்றார் ஒருவர். மில்லுக்காரர்கள் மைதானம் தருகிறார்கள், அவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றார் இன்னொருவர். பிறகு அப்பா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

“மொத டீமுல எங்க மில்லுல வேல பாக்குறவன் ஒருத்தன்கூட கெடையாது. தறிக்கும் மிசினுக்கும் நடுவுல நின்னுட்டு வாரோம். எங்களுக்கு ஆடுறதுக்கு இருக்கது இந்த ஒரு டீமுதான். அதையும் எடுத்துட்டா நாங்க வேடிக்கதான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சிலர் தலையாட்டினார்கள். எனக்குக்கூடக் கை தட்டலாம் போல இருந்தது. அப்போதுதான் மாமா எழுந்து, செட்டியார்பட்டி ஆட்டத்தில் மில்லின் இரண்டாம் அணிக்குள் முதல் அணி ஆள் ஒருவர் வேறு பெயரில் ஆடினார் என்றார். மில் செயலாளர் சிரித்தார். பட்டியலை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கிற பெயர்தான் ஆள் என்றார். “சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லக்கூடாது. சாட்சி இருக்கா?”

“இருக்கு” என்று மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் திரும்பினார்கள், அப்பாவும். என்னைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். நான் எழுந்து, கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு, சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபடி வாசலுக்கு வந்தேன். ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டேன்.

“சாட்சி வேண்டாம்” என்று அப்பா எழுந்தார். “அன்னைக்கு ஒம்பதாம் நம்பர்ல ஆடுனது மொத டீமு ஆளுதான். பட்டியல்ல கையெழுத்துப் போட்டது நான். தெரிஞ்சேதான் போட்டேன்.”

செயலாளர் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்பா உட்காரவில்லை. ஒரே சத்தமாகிவிட்டது. வாசலில் நின்ற என்னை யாருக்கும் நினைவில்லை. நானாக மெல்லப் பெஞ்சுக்குத் திரும்பினேன். பிறகு கைகள் உயர்ந்தன. அடுத்த வருடத்திலிருந்து எந்த கிளப்புக்கும் இரண்டாம் அணி கிடையாது. அந்த ஆட்டத்தின் வெற்றி செட்டியார்பட்டிக்கு. கையெழுத்துப் போட்ட கேப்டன் ஒரு வருடம் ஆடக்கூடாது. இதெல்லாம் என் காதில் விழுந்தது, ஆனால் நான் கவனிக்கவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

அப்பா வெளியே வந்தார். மாமா பின்னாலேயே ஓடிவந்தார். “மச்சான், ஒங்க பேரு வரும்னு நான் நெனைக்கல...”

“விடு மாப்ள. ஒன் பையங்க மேல போறாங்கல்ல” என்றார் அப்பா. அதை அவர் மனதாரச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. மில் வேன் அவருக்காகக் காத்திருக்காமல் போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். கோபத்தில் இருந்ததால் வெளியே மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“பசிக்கா பாப்பா?”

முகத்தை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

“நாந்தான சொல்லணும்னு இருந்தேன். நீங்க ஏம்ப்பா முந்திச் சொன்னீங்க? மாமா என்னயத்தான கூப்புட்டாங்க?”

“ஆமா, தப்புதான்” என்றார் அப்பா. என் தலையைத் தடவி, காற்றில் பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

தப்பை ஒப்புக்கொண்டவரிடம் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது? சமாதானமாகிவிட்டேன் என்று காட்டிக்கொள்ள எதையாவது கேட்கவேண்டும் போலிருந்தது.

“நமக்கு அடுத்த மேட்ச் எப்பப்பா?”

“பாப்போம்” என்றார்.

விடுமுறை முடிவதற்குள் வந்துவிட்டால் நல்லது என்று எனக்குப் பட்டது. கிழித்து வைக்க வீட்டில் துணி இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டேன்.