ஐந்து வந்தால் பாஸ்

எனக்கு அந்த சாரைப் பிடிக்காது. இத்தனை வருடம் கழித்தும் பிடிக்கவில்லை. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். தேவராவிலிருந்து பஸ் ஏறி வருவார். வந்ததும் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு போர்டில் ஒரு ப்ரோகிராமை எழுதிப்போட்டு, மனப்பாடம் பண்ணச் சொல்வார். கம்ப்யூட்டர் மூன்றுதான் இருந்தது. தாளில் எழுதி அவரிடம் ஒப்பித்தால்தான் கீபோர்டைத் தொடலாம். சி மொழியை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்த கூட்டம் நாங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அந்த வருடம்தான் அப்பா போனார். கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை அவருக்கு. வேலையில் இருக்கும்போதே இறந்ததால், அது வீட்டில் ஒருவருக்குக் கிடைக்கும். எங்கள் வரிசை வீடுகளில் எல்லாம் துடைப்பம் அப்படித்தான் கைமாறி வந்தது. எழவுக்கு வந்தவர்களே என்னைப் பார்த்து, "அதான் மோளு இருக்காளே, அப்புறம் என்ன" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. குனிந்தால் நிமிர எதையாவது பிடிக்க வேண்டும்.

"நீ பாஸாயிட்டா உன் வழியப் பாரு, அப்பா வேலைக்கு நான் போறேன்" என்றாள். "தோத்தா நீ போ. ரெண்டு பேரும் உக்காந்து சாயா குடிச்சிட்டிருக்க முடியாது."

"இந்த முட்டிய வெச்சிக்கிட்டா?"

"அது என் முட்டிடீ. நீ படி."

ஆக, எனக்கு அந்த சர்டிபிகேட் வேண்டும். அதைக் கொடுக்கிற இடத்தில் இருந்தவர் இந்த சார்.

வம்பு தொடங்கியது ஒரு சின்ன ப்ரோகிராமில். ஒரு ஃபைலைத் திறந்து, கேட்ட சொல் எத்தனை வரிகளில் இருக்கிறது என்று தேடிச் சொல்ல வேண்டும். தேட வேண்டிய வரிகளையும் ப்ரோகிராமையும் சார் எழுதிப்போட்டபடியேதான் எல்லோரும் அடித்தோம். மற்றவர்களுக்கு மூன்று என்று வந்தது. எனக்கு நான்கு வந்தது. வரிகளை விரல் வைத்து எண்ணினேன். மூன்றுதான் இருந்தது.

கண்டுபிடிக்க ஒரு வாரம் மண்டை காய்ந்தது. நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு வந்தவள். வரி முடிந்தால் மிஷினின் வண்டியை அடுத்த வரிக்குத் தள்ளிவிட வேண்டும், கடைசி வரியானாலும் சரி; விரலில் ஊறிய பழக்கம் அது. அதனால் என் ஃபைலில் கடைசி வரிக்குப் பிறகும் ஒரு எண்டர் இருந்தது. மற்றவர்கள் கடைசி எழுத்தோடு நிறுத்தியிருந்தார்கள். சாரின் ப்ரோகிராம், ஃபைல் தீர்ந்துவிட்டதா என்று முதலில் கேட்கும், இல்லை என்றால் அடுத்த வரியைப் படிக்கும். எண்டரோடு முடிகிற ஃபைலில், கடைசி வரி படித்த பின்னும் தீரவில்லை என்றே பதில் வரும். மறுபடி படிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பி, கையில் கிடக்கிற பழைய வரியில் அந்தச் சொல் இருந்தால் அதையே இன்னொரு தடவை எண்ணிவிடும். திருத்தம் ஒன்றும் பெரிதில்லை. வரி கையில் வந்ததா என்று பார்த்துவிட்டுத் தேடினால் போதும்.

சாரிடம் சொன்னேன். அவர் திட்டியது மலையாளத்தில். தமிழில் எழுதினால் கொஞ்சம் மரியாதையாகவே தெரிகிறது.

"ஆறு வருஷமா நான் சொல்லிக்கொடுக்கிற ப்ரோகிராம் இது. தப்பு உன் ஃபைல்ல. யாரு உன்ன கடைசியில எண்டர் அடிக்கச் சொன்னா?"

"யாரு வேணாலும் அடிப்பாங்களே சார். ஃபைல் எப்படி இருந்தாலும் ப்ரோகிராம் சரியாச் சொல்ல வேண்டாமா?"

"தெரு கூட்டப் போறவளுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?"

வகுப்பு சிரித்தது. நானும் அந்தக் கூட்டத்தை அன்றோடு தலைமுழுகினேன். வகுப்புக்குப் போனேன், வந்தேன், ஒருவரிடமும் பேசவில்லை. அந்த வார்த்தைக்காக அவரை நான் மன்னிக்கப் போவதும் இல்லை.

பரீட்சைக்கு எறணாகுளத்திலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்தார். வந்ததும் ஒரு ஃபைலை மூன்று கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். விலை நிலவரம் மாதிரி சில வரிகள். அதில் பெப்பர் என்ற சொல்லைத் தேட வேண்டும். மூன்று மூன்று பேராக உட்காரவைத்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மனப்பாடத்தை இறக்கினார்கள். எல்லோருக்கும் ஐந்து வந்தது. நான் என் வழியில் எழுதினேன். எனக்கு நான்கு.

எக்ஸாமினர் தன்னிடமிருந்த விடைக்குறிப்புத் தாளைப் பார்த்தார். அதிலும் ஐந்து. சார் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பல்லைக் காட்டினார்.

"ஃபைலைத் திறந்து எண்ணிப் பாருங்க சார்" என்றேன் எக்ஸாமினரிடம்.

அவர் எண்ணினார், விரல் வைத்து. நான்கு. இன்னொரு முறை எண்ணினார். கடைசி வரியில் பெப்பர் இருந்தது, அதற்குக் கீழே எண்டரும் இருந்தது. கெட்டவர் இல்லை அவர். குரலைத் தாழ்த்தி, "மோளே, நீ சொல்றது சரிதான். ஆனா உனக்கு மார்க் போட்டா இவங்க அத்தன பேரையும் தோக்கடிக்கணும். தாள்ல அஞ்சுன்னு இருக்கு. உனக்கும் அஞ்சு வரட்டும், பாஸ் போடறேன்" என்றார்.

அதாவது, சாரின் ப்ரோகிராமை எழுது என்கிறார். செத்தாலும் எழுதமாட்டேன் என்று வாய்வரை வந்தது. ஆனால் துடைப்பம் வீட்டு வாசலில் சாத்தியிருந்தது. அவர் கண்ணெதிரிலேயே ஃபைலைத் திறந்து, கடைசியில் பெப்பர் என்று இன்னொரு வரி அடித்து, எண்டரும் தட்டினேன். என் ப்ரோகிராமில் ஒரு எழுத்தைத் தொடவில்லை. ஓட்டினேன். ஐந்து.

அவர் அந்த ஐந்தைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். எனக்குப் பிறகு அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவளுக்கு, சாரின் ப்ரோகிராமில் ஆறு வந்தது. சார் எழுந்து ஓடிவந்தார். எக்ஸாமினர் தாளில் ஆறைக் கோடு போட்டு அடித்துவிட்டு ஐந்து என்று தானே எழுதினார். அவளும் பாஸ்.

வீட்டுக்கு வந்து, பாஸ் என்று சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"எல்லாம் சரியாப் போட்டியா?"

"அவங்களுக்கு வேணும்கிற மாதிரி போட்டேன்."

"அது போதும்" என்றாள். சுவரைப் பிடித்து எழுந்து, பெட்டியிலிருந்து அப்பாவின் காக்கிச் சட்டையை எடுத்தாள். புடவைக்கு மேலே போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தாள்.

"கை மட்டும் நீளம்" என்றாள். "கொஞ்சம் மடிச்சு விடு."

மடித்துவிட்டேன்.