படகில் என் மூன்றாம் வகுப்பு எழுத்து

அப்பா ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு ஓட்டுகிறார். படகுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று படகுத்துறையில் சொன்ன வருடம் நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை. அப்பா என் நோட்டில் ‘சிட்டு’ என்று எழுதச் சொல்லி, அந்தத் தாளைக் கிழித்துச் சேலத்துக்குக் கொண்டுபோய், அச்சு அசலாக அதே வடிவத்தில் நீல ஸ்டிக்கர் வெட்டி வாங்கிவந்து படகில் ஒட்டினார். ‘சி’ மல்லாந்து சாய்ந்திருக்கும். ‘ட்’டின் தலையில் புள்ளிக்குப் பதிலாக ஒரு குட்டி வளையம் போட்டிருந்தேன்.

டிப்ளமா முடித்து நான் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு ஸ்டிக்கர் கடையில்தான். இரண்டு வருடம் முன்பு விடுமுறைக்கு வந்தபோது, மலைப்பனி ஓரங்களில் புகுந்து படகிலிருந்த எழுத்தெல்லாம் பசைவிட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது.

“மாத்தறதெல்லாம் வேண்டாஞ் சாமி. அதையே ஒட்டிக் குடு. நீ எழுதுனதாச்சே” என்றார் அப்பா.

பக்கத்துப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் விடவில்லை. “ஏனுங்கண்ணா, கோழி கிளறுனாப்புல இருக்குது. படிச்ச பையன் எழுதுனதுன்னா டூரிஸ்ட்டுக்காரங்க நம்புவாங்ளா?”

“நம்பாட்டி எறங்கி நீந்தட்டும்.”

நானும் சிரித்தேன். ஆனால் என் பையில், அதற்கு முந்தின வாரமே கடையில் வெட்டி வைத்த புது எழுத்துகள் இருந்தன. அந்தக் கோணல் எழுத்து எனக்கு அவ்வளவு நாளாகக் கூச்சமாக இருந்தது.

அப்பா டீ வாங்கப் போனார். நான் சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னால் ‘சி’யின் ஓரத்தை மெதுவாகச் சூடாக்கினேன். இளகியதும் லேசாகத் தூக்கி, அடியில் இருந்த பாசியையும் பழைய பசையையும் ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, உள்ளிருந்து வெளியே அழுத்தித் தேய்த்தேன். அழகாகப் படிந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஒட்ட வரும் என்று தெரிந்த பிறகுதான் பிளேடை எடுத்தேன். எல்லா எழுத்தையும் சுரண்ட மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வளையம் மட்டும் வரமாட்டேன் என்றது. நகத்தால் பிய்த்தேன்.

இரண்டு டீயோடு வந்த அப்பா தரையில் கிடந்த நீலத் துணுக்குகளைப் பார்த்தார்.

“கிழிஞ்சு போச்சுங்ப்பா. பழசு. ஒட்ட வரலீங்.”

“அப்பிடியா. செரி, நீ என்ன பண்ணுவ சாமி.”

புது எழுத்துகளை ஒட்டி முடித்ததும் அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். ‘ட்’டின் தலையில் விரல் நின்றது.

“அந்த வளையம் காணமே கண்ணு?”

“புள்ளின்னா இப்பிடித்தாங்ப்பா இருக்கோணும்.”

“நல்லாத்தான் இருக்குது” என்று டீயைக் கையில் கொடுத்தார். ஆறியிருந்தது. அன்று மாலை அவர் குனிந்து அந்தத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஏரியில் குப்பை விழக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் புது எழுத்தும் தூக்கிக்கொண்டது. பனிக்குப் பழசு புதுசு தெரியாது. படகைக் கரையேற்றி டயர் மேல் வைத்திருந்தோம். பனி அடிக்காமல் இருக்க அப்பா தார்ப்பாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஓரமாகச் சூடாக்கி, துடைத்து, காயவைத்து, அழுத்தினேன். ஒரு மணி நேரம் ஆனது. ஓர் இழைகூடக் கிழியவில்லை. அவ்வளவு நேரமும் அப்பா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிழியாம ஒட்ட வருதாட்ட இருக்குது” என்றார்.

கையில் ஹீட் கன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன். “ஆமாங்ப்பா” என்றேன். வயரைச் சுருட்டக் குனிந்தேன்.

அவர் என் முதுகில் பனி படாதபடி தார்ப்பாயைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.