உட்காரவும் எழவும் தெரிந்த அம்பாசிடர்

என் மாமாவின் அம்பாசிடரைப் போல ஒரு கார் புதுக்கோட்டையில் வேறு இல்லை என்று யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுவேன். பால்கோவா நிறம். இரண்டு மூட்டை அரிசியை விழுங்கிவிட்டு மூடிக்கொள்ளும் டிக்கி. கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்திய மாதிரி கனமாக ஒரு 'டொப்'. மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, துபாயிலிருந்து திரும்பி வந்து ஹார்டுவேர் கடை போட்ட வருஷம் வாங்கியது. நான் கியர் போடக் கற்றுக்கொண்டது அதில்தான். மெக்கானிகல் படிக்கப் போனதற்கும் பாதிக் காரணம் அதுதான்.

காருக்கு ஒன்றும் இல்லை. மாமாவின் முதுகுதான் கெட்டுப்போனது. டிஸ்க் விலகியிருக்கிறது, குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். பழைய வண்டியில், நம் ஊர் வேகத்தடைகளில், குலுங்காமல் எப்படிப் போவது? முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். பிறகு ஓட்டுவதையே விட்டுவிட்டார். கார் வாசலில் நின்றது.

அந்த நேரம் பார்த்து திருமயத்திலிருந்து சம்பந்தி வந்தார். மாமாவின் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுப் பெரியவர். கல்யாணங்களுக்கு அலங்காரக் கார் வாடகைக்கு விடுகிறவர். "சும்மாதான நிக்கிது, எனக்குக் குடுத்துருங்க சம்பந்தி" என்றார். முதுகுவலியின் உச்சத்தில் இருந்த மாமா, "அதுக்கென்னங்க, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். வாசல்வரை போன சம்பந்தி காரின் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்: "கூரையை வெட்டி எடுத்துட்டா மாப்பிள்ளையும் பொண்ணும் நின்னுக்கிட்டே ஊர்வலம் போகலாம்."

அன்று இரவு மாமா சாப்பிடவில்லை. அத்தை திட்டினார். "குடுக்க முடியாதுன்னு போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதானங்க?"

"பொண்ணக் குடுத்த எடத்துல கார இல்லம்பியா? அவங்களா வேண்டாம்னு சொன்னா உண்டு."

ஒரே நல்ல விஷயம், ஆடி மாதம் தொடங்க இருந்தது. ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சம்பந்தி சொல்லியிருந்தார். ஆக, எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. மாமாவின் முதுகு அந்தக் காரில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டால் போதும், அவர் எப்படியாவது மனசை மாற்றிக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். வாக்குக் கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்பதை யோசிக்கவே இல்லை. எனக்கு எப்போதும் முதல் பாதிதான் தோன்றும்.

திருச்சிக்கு வேலைக்குப் போய்வரும் சொகுசு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வந்த யோசனை இது. அந்த பஸ் மிதக்கிறது. காரணம், அடியில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பரில் செய்த காற்றுப் பைகள். அதையே சிறிதாக்கிக் காருக்கும் விற்கிறார்கள். சுவிட்சைத் தட்டினால் பைக்குள் காற்று ஏறும், வண்டி உயரும். இன்னொரு பக்கம் தட்டினால் காற்று வெளியேறும், வண்டி தாழும்.

"காருக்கு பலூன் மாட்டப் போறாளாம்" என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "பொறந்த நாளு எப்பன்னு கேளுங்க, கேக் வாங்கணும்."

பஸ்களுக்கு வேலை பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப் பைபாஸ் பக்கம் இருந்தது. அந்த மேஸ்திரியும் நானும் சனி ஞாயிறுகளில் காருக்கு அடியில் குடியிருந்தோம். அவர் பஸ்ஸுக்குச் செய்தவர், நான் கம்ப்யூட்டரில் வரைந்தவள். கார் இரண்டு பேரையும் சுற்றலில் விட்டது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் பாதியைக் கழற்றிவிட்டு, அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் பைகளை வைத்தோம். முன்பக்கம் இடமே இல்லை. வரைந்தேன், வெட்டினோம், பொருந்தவில்லை. மறுபடி வரைந்தேன். கம்ப்ரசரும் காற்று டாங்கியும் டிக்கிக்குள் போயின. வெளியே ஒரு கீறல் கிடையாது. டேஷ்போர்டுக்குக் கீழே, கையை விட்டால் மட்டும் தட்டுப்படுகிற இடத்தில், சுவிட்சுகள்.

முதல்முறை தட்டியபோது டிக்கிக்குள் 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு அந்தப் பெரிய உடம்பு, தூங்கி எழுந்த யானை மாதிரி, முதலில் பின்னாலும் அப்புறம் முன்னாலும் எழுந்து நின்றது. நானும் மேஸ்திரியும் கைதட்டினோம். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள்.

மாமாவை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு திருமயம் ரோட்டில் கிளம்பினேன். அத்தை பின்னால். ஏறியதுமே மாமா உத்தரவு போட்டார். "காத்து நெறைய அடி, ஆத்தா. தலகாணி மாதிரி பொம்முன்னு இருக்கட்டும்."

"நெறைய அடிச்சா கட்டையாயிரும் மாமா."

"எனக்குச் சொல்லித் தர்றியா? அடி."

அடித்தேன். முதல் வேகத்தடையில் அத்தையின் தலை கூரையில் முட்டியது. "கூரைய வெட்டுறதே தேவலாம்டி!" என்றார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டார். நான் ஓரமாக நிறுத்திக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். அடுத்த வேகத்தடை வந்தது. கார் அதன்மேல் ஏறி, ஒரு மூச்சு விட்டு, இறங்கியது. அவ்வளவுதான். மாமா திரும்பிப் பார்த்தார், வேகத்தடை உண்மையிலேயே அங்கே இருந்ததா என்று.

"இன்னொரு வாட்டி அதுல ஏத்து."

ஏற்றினேன். மறுபடியும் ஏற்றச் சொன்னார். திருமயம் கோட்டை தெரியும்போது முதுகுக்குப் பின்னாலிருந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது அவரே ஓட்டினார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் சிரிப்பதை மாமா பார்த்தால் 'என்னத்தா பல்லக் காட்டுற' என்பார்.

ஆவணி பிறந்தது. சம்பந்தி பைக்கில் வந்து இறங்கினார். கையில் தாம்பூலப் பை, அதற்குள் அட்வான்ஸ். மாமாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. காபி குடித்தார்கள், மழை பற்றிப் பேசினார்கள், மகளின் சௌக்கியம் பற்றிப் பேசினார்கள். 'இல்லை' என்ற சொல் மட்டும் மாமாவின் வாயில் வரவே இல்லை. பெண்ணைக் கொடுத்தவர்.

"வண்டிய ஒருக்கா பாத்துருவமா?" என்று எழுந்தார் சம்பந்தி.

"வாங்க, ஏறி ஒக்காந்தே பாருங்க" என்றார் மாமா. போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சம்பந்தி பின் இருக்கையில் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து அமர்ந்தார். நான் டிக்கியை ஒட்டி நின்றேன்.

மாமாவின் இடது கை டேஷ்போர்டுக்குக் கீழே போனது.

'புஸ்ஸ்ஸ்ஸ்.'

காரின் பின்பக்கம் மெதுவாக, மிக மரியாதையாக, தரையை நோக்கி இறங்கியது. சம்பந்தியின் தலை என் இடுப்பு மட்டத்துக்கு வந்தது.

"என்னங்க இது?"

"அதாங்க சம்பந்தி, இப்பல்லாம் இப்பிடித்தான் படுத்துக்குது" என்றார் மாமா, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

வாசற்படியிலிருந்து அத்தை சேர்ந்துகொண்டார். "யாராச்சும் ஏறுனாலே ஒக்காந்துருதுங்க. எங்க வீட்டுக்காரரு மாதிரி."

சம்பந்தி இறங்கினார். சக்கரத்தைப் பார்த்தார். பஞ்சர் இல்லை. சுற்றி வந்தார். தாடையைத் தடவிக்கொண்டார். "மாப்பிள்ள ஏறுன ஒடனே வண்டி படுத்துச்சுன்னா… பொண்ணு வீட்டுக்காரங்க அபசகுனம்பாங்களேங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "நீங்க ஒண்ணும் நெனச்சுக்கப்படாது சம்பந்தி. நான் வேற வண்டி பாத்துக்குறேன்."

"அடடா" என்றார் மாமா.

பைக் தெருமுனை திரும்பியதும் நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பார்த்தால் வெடித்துவிடுவோம். மாமாவுக்குக் கார் தரையில் கிடப்பது பொறுக்கவில்லை. உடனே சுவிட்சைத் தட்டினார். 'கொர்ர்ர்' என்று கம்ப்ரசர் முக்க, கார் எழுந்தது. முழு உயரத்துக்கு வந்து கம்பீரமாக நின்றது. அந்த நேரத்தில்தான் பின்னால் பைக் சத்தம் கேட்டது.

"ஹெல்மெட்ட விட்டுட்டுப் போயிட்டேன்" என்றபடி வந்த சம்பந்தி அப்படியே நின்றார். காரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமாவின் காதுகள் சிவந்துபோயின. அத்தை வாசலில் இல்லை, எப்போது உள்ளே போனார் என்றே தெரியவில்லை.

மாமா காரிலிருந்து இறங்கி, முதல்முறையாக, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். "எனக்கு இத வெட்ட மனசு வரலங்க சம்பந்தி. குடுக்குறதா இல்ல."

சம்பந்தி மெல்ல இறங்கினார். பைக்கை ஸ்டாண்டு போட்டார். காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்கு மேலே தெரிந்த இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ பண்ணுன வேலையா ஆத்தா இது?"

தலையாட்டினேன்.

"இன்னொருக்கா எறக்கிக் காட்டு."