அவளுக்கு வேர்த்தது, பதில் நான் சொன்னேன்

குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் எங்களுக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கடை. சீவுவது நான், வறுப்பது என் மனைவி சரோஜம். அதனால் அவள் முகமும் கழுத்தும் திடீரென்று சிவந்து வேர்த்தபோது பழியை எண்ணெய்ச் சட்டிமேல் போட்டேன். "எண்ணெய் காயுததுக்கு முந்தி இவ காஞ்சிருவா" என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மழைக்குக் கடை பூட்டிக் கிடந்த ஒரு நாள், அடுப்பே பற்றவைக்காமல் அவள் நைட்டி வேர்வையில் நனைந்தது. டாக்டரம்மாவிடம் போனோம். மெனோபாஸ் (மாதவிடாய் நின்றுபோகும் பருவம்) என்றார். ஹார்மோன் சிகிச்சை (உடம்பில் குறைந்ததை மருந்தாகத் தருவது) உண்டு, ஹார்மோன் இல்லாத மாத்திரை உண்டு, மருந்தில்லாமல் பொறுத்தும் பார்க்கலாம். முடிவெடுக்க உதவும் இணையப் பக்கம் ஒன்றைப் போனுக்கு அனுப்பினார். நமக்கு எது முக்கியம் என்று கேட்டு, எந்த வழி ஒத்துவரும் என்று காட்டுமாம்.

போன் என்னுடையது. கேஸ் புக்கிங் முதல் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் பதில் சொல்வது நான்தான். அவள் வறுத்துக்கொண்டிருக்க, நான் ஸ்டூலில் இருந்தபடி அவள் உடம்புக்குப் பதில் சொன்னேன். தூக்கம் கெடுகிறதா? நான் நன்றாகத் தூங்குகிறவன், 'இல்லை'. தொந்தரவு? 'கொஞ்சம்'. பக்கவிளைவுப் பயம்? ஊசியைக் கண்டாலே ஓடுகிறவன் நான், 'மிக அதிகம்'. மருந்தில்லாமல் பொறுப்பதே ஒத்துவரும் என்று வந்தது. பரீட்சையில் முதன்முதலாகத் தேறியவன்போல அவளிடம் நீட்டினேன். சரி என்றாள்.

ஓணச் சீசன் தாண்டி கிறிஸ்துமஸ்வரை அப்படியே போனது. ஒருநாள் சட்டிக்கு முன்னால் கிறங்கிச் சாய்ந்தாள். கரண்டி விழுந்தது, கை தப்பியது.

மறுபடியும் டாக்டரம்மா. தூக்கம் எப்படி என்று சரோஜத்தைத்தான் கேட்டார். நல்லாத்தான் தூங்குவா என்றேன் நான்.

"அண்ணே, வேர்க்கது ஒங்களுக்கா, அவியளுக்கா?" என்றார் டாக்டரம்மா.

சரோஜம் என் பக்கம் திரும்பவில்லை. "நான் ஒறங்கி மாசக்கணக்காச்சு டாக்டர். இவருக்க கொறட்டையைக் கேட்டுட்டுக் கெடப்பேன். சொன்னா அதையும் கடையில சொல்லிச் சிரிப்பாரு."

அந்த இணையப் பக்கத்தை மறுபடி திறந்து, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வராந்தாவுக்கு வந்தேன். திரும்பிப் போனபோது, தூக்கம்தான் முக்கியம் என்று அவள் பதில் சொல்லியிருந்தாள். மார்பகப் பரிசோதனையெல்லாம் முடித்து, டாக்டரம்மாவோடு பேசி, ஹார்மோன் ஜெல்லும் (தோலில் தடவுவது) கர்ப்பப்பையைக் காக்கும் மாத்திரையும் போதும் என்று அவளே தீர்மானித்தாள்.

இதைப் படிக்கும் கணவர்களே, எந்த மருந்து நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வேலையை ஒருமுறை பார்த்துவிட்டேன்.

வேர்வை சில வாரங்களில் அடங்கியது. தூங்குகிறாள். ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால் உடனே சொல்வதில்லை. இவர் இதை வைத்து என்ன சொல்லிச் சிரிக்கப்போகிறார் என்பதுபோல என் முகத்தைப் பார்க்கிறாள். வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். சில நாள் பதில் வருகிறது.