சாரதாம்பாள் வாங்கிய கேஸ் செட்

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்த நாளிலிருந்து சாரதாம்பாளும் அவள் கொழுந்தன் தேவதாஸும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்களே தவிர, ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்ததில்லை. மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் அந்தப் பலகை வீட்டைக் கட்டியவன் அவள் புருஷன் ராஜரத்தினம். முன் அறையில் தேவதாஸும் அவன் மனைவி விஜயாவும், பின் அறையில் அவள். அடுப்படி மட்டும் பொது. அங்கேதான் சட்டிகள் சத்தம் போடும்.

வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தேவதாஸுக்கு வயது இருபத்தாறு, திடமான உடம்பு. ராஜரத்தினத்துக்கோ கண் பாதி போயிருந்தது. ஆனால் ஆள் சேர்க்கும் குத்தகைக்காரனிடம் எடுபிடியாக இருந்தவன் தேவதாஸ். அண்ணன் பேரைக் கொடுத்துவிட்டுப் புக்கிட் காதிலில் ஒரு கூட்டாளி வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். லாரி வந்தபோது ராஜரத்தினம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தம்பின் ஊருக்குப் போகும் ரயில் பாதையின் தண்டவாளத்தையே பிடுங்கிச் சயாமுக்கு அனுப்பியவர்கள், கண் தெரியாத மனிதனையா விட்டுவைப்பார்கள்?

ராஜரத்தினத்துக்குத் தொழில் வெல்டிங். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மட்கார்டு, சைக்கிள் பிரேம், தண்ணீர்த் தொட்டி என்று வந்ததையெல்லாம் ஒட்டிக் கொடுத்தான். கறுப்புக் கண்ணாடி போடாமல் நெருப்பைப் பார்த்தே பார்வை மங்கியது. அதற்கப்புறம் வெல்டிங் டார்ச்சைப் பிடித்தவள் சாரதாம்பாள். ரப்பர்த் தோட்டத்திலிருந்து கலியாணமாகி வந்தவள், பக்கத்தில் நின்று கம்பி எடுத்துக் கொடுத்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் அவன் வேலையை வாங்கி வைப்பான், உள்ளே அவள் செய்வாள். ராஜரத்தினம் கை மாதிரி வருமா என்று ஊரார் மெச்சும்போது அவளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஜப்பான்காரன் வந்த வருஷமே கொட்டகையிலிருந்த சாமான்களை ராணுவம் அள்ளிக்கொண்டு போனது.

புருஷன் போனபின் அவளுக்கு வயிற்றுப்பாடு பெரும்பாடானது. மரவள்ளிக்கிழங்கை வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் உப்பு கிடைக்கவில்லை. உப்பிருந்தால் அதைக் கொடுத்து அரிசியே வாங்கலாம். கடலோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. லிம்போங்கான் கரையில் சிலர் சட்டியில் கடல்தண்ணீரைக் காய்ச்சிக் கையளவு உப்பு எடுத்தார்கள். பெரிய அகலக் கொப்பரை இருந்தால் மூட்டைக் கணக்கில் எடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சாலை போட்டவர்கள் விட்டுப்போன தார்ப் பீப்பாய்கள் ஓடையோரம் கிடந்தன. அவற்றை வெட்டி விரித்து ஒட்ட வேண்டும். ஆணி அடித்து இணைத்தால் ஒழுகும். ஈயம் வைத்தால் அடுப்புச் சூட்டில் உருகிவிடும். வெல்டிங்தான் நிற்கும். அதற்கு மிஷின் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்காரர் பொன்னுதுரை தன் பட்டறையை மூடப் போகிறார், இரண்டு வெல்டிங் மிஷின் விற்கிறார் என்று கேள்விப்பட்டாள். தள்ளுவண்டி தேவதாஸிடம்தான் இருந்தது. கேட்டாள். என்ன கணக்குப் போட்டானோ, உடனே கிளம்பினான்.

பட்டறையில் ஒரு பக்கம் கரண்டு மிஷின், ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய இரும்புப் பெட்டி. இன்னொரு பக்கம் கேஸ் செட்: கார்பைடு போட்டுக் கேஸ் எடுக்கும் தொட்டி, இரண்டு ரப்பர்க் குழாய், டார்ச், ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர்.

"பொம்பிளையள் பிடிக்கிற சாமானே இது?" என்றார் பொன்னுதுரை, நாற்காலியை விட்டு எழாமல்.

"யார் பிடிச்சா உங்களுக்கென்ன? விக்கிறீங்களா, இல்லையா?"

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் பொய் சொல்லவில்லை. "கரண்டு மிஷின் திறமான சாமான், கன காலம் ஓடும். காஸ் செட்டுக்கு இருக்கிறது இந்த ஒரு சிலிண்டர்தான், அதுவும் பாதி. முடிஞ்சால் வேறை கிடையாது. பிறகு வந்து என்னோடை சண்டை பிடிக்கக் கூடாது."

"சண்டைக்கு எனக்கு வீட்டுலயே ஆள் இருக்கு."

தேவதாஸ் கரண்டு மிஷினைத் தடவிக்கொண்டிருந்தான். "அண்ணி, இதை எடுங்க. கேஸ் முடிஞ்சா அது வெறும் இரும்பு. இதுன்னா என்னைக்கும் நிக்கும்."

"நம்ம வீட்டுக்கு வர்ற கரண்டு ரெண்டு பல்புக்கே திணறுது. இதை மாட்டினா தெருவே இருண்டு போவும். பீப்பாத் தகரம் வேற மெல்லிசு, இது பட்டா ஓட்டைதான் விழும்."

"வேலை செய்யாட்டி என்ன, ஜப்பான்காரன்கிட்ட குடுத்தா அரிசி மூட்டையா வரும்."

"அதுக்குத்தான் வண்டி தள்ளிட்டு வந்தியா?"

தேவதாஸ் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. சிலிண்டர் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது. ஆனால் நின்று நிலைக்கும் மிஷினை வைத்துக்கொண்டு அடுப்பெரிக்க முடியாது. அவளுக்கு வேண்டியது இரண்டு கொப்பரை. சவர்க்காரத் தண்ணீர் கேட்டு வாங்கி, கேஸ் கசிகிறதா என்று குழாய் முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் குமிழி வந்தது. பொன்னுதுரை எழுந்து வந்து அந்தத் துண்டை வெட்டியெறிந்து, குழாயை மறுபடி இறுக்கிக் கொடுத்தார்.

கேஸ் செட்டுக்கு ஈடாக அவள் தன் தையல் மிஷினைத் தருவதாகப் பேச்சு. அதைக் கேட்டதும் தேவதாஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது எங்க அண்ணன் வாங்கின மிஷின். நீங்க யாரைக் கேட்டுக் குடுக்குறீங்க?"

"உங்க அண்ணனையே தூக்கிக் குடுத்தியே, நீ யாரைக் கேட்டே?"

வழியெல்லாம் அவன் வண்டியை வேண்டுமென்றே பள்ளம் பார்த்துத் தள்ளினான். அவள் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடியே வீடு வரை நடந்தாள்.

பீப்பாய்களை நெருப்பில் போட்டுத் தாரை எரித்தாள். வெட்டி, தட்டி, நிமிர்த்தினாள். கட்டுக்கம்பியை உருக்கி விட்டு ஓரங்களை ஒட்டினாள். இந்த முறை மறைத்துச் செய்யவில்லை, பின்வாசலிலேயே உட்கார்ந்து செய்தாள். புகை வருகிறது என்று விஜயா கதவை அறைந்து சாத்தினாள். இரண்டு கொப்பரையிலும் தண்ணீர் நிரப்பி வைத்தாள். ஒரு சொட்டும் கசியவில்லை. மிச்சமிருந்த கேஸில் அக்கம்பக்கத்தாரின் சைக்கிளையும் வாளியையும் ஒட்டிக் கொடுத்துக் கிழங்கு வாங்கினாள். சிலிண்டர் காலியானது. உப்பு வரத் தொடங்கியது, உப்புக்கு அரிசியும் வந்தது.

அந்த அரிசியில் தனக்குப் பங்கில்லை என்பது தேவதாஸுக்குப் பொறுக்கவில்லை. சாரதாம்பாள் ஒரு பிடி கூட அவன் பானையில் போடவில்லை. வீட்டில் கேஸ் செட் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ராணுவ ஆபீஸில் போய்ச் சொன்னான். சன்மானம் கிடைக்கும் என்ற நினைப்பு.

ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய், ஒரு மலாய் துபாஷி. அதிகாரி சிலிண்டரைத் திறந்தான். மூச்சுக் கூட வரவில்லை. வெறும் சிலிண்டரைக் காட்டவா கூப்பிட்டாய் என்று தேவதாஸைக் கன்னம் வீங்க அறைந்தான். பிறகு சுவரில் சாய்த்திருந்த கொப்பரையைப் பார்த்தான். ஒட்டின தையல்மேல் விரலை ஓட்டினான்.

"சியாப்பா புவாட்?" யார் செய்தது என்று துபாஷி கேட்டான்.

"எங்க அண்ணிதான்," என்றான் தேவதாஸ், அவளைக் காட்டி.

துபாஷி மொழிபெயர்த்ததும் அதிகாரி சிரித்தான். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். சாரதாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். ராஜரத்தினம் லாரிப் பலகையைத் தடவித் தடவி ஏறினது அவள் கண்முன் வந்தது.

"எனக்கு அடுப்பு வேலைதான் தெரியும், துவான்," என்றாள் மலாயில்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. அண்ணி."

அவள் நிமிரவில்லை. விஜயா ஓடி வந்து அவள் காலைப் பிடித்தாள். சாரதாம்பாள் காலை இழுத்துக்கொண்டாள். ஒட்டியவன் அவன்தான் என்று முடிவு கட்டி, ஜொகூரில் ராணுவப் பட்டறைக்கு வெல்டர் வேண்டும் என்று தேவதாஸை ஏற்றிக்கொண்டு போனார்கள். கேஸ் செட்டும் கூடவே போனது. லாரிச் சத்தம் அடங்கினபின் சாரதாம்பாள் விறகை எடுத்து அடுக்கினாள். விறகு சரிந்துகொண்டே இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு பெண்களும்தான் கொப்பரையைச் சுமந்தார்கள். விஜயா தீ எரிப்பாள், சாரதாம்பாள் உப்பை வழிப்பாள். "உங்க சோத்தை நான் தின்னலை. என் வேலைக்குத் தின்னுறேன்," என்று விஜயா ஒருநாள் சொன்னாள். அந்த வருஷம் முழுக்க அவள் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் போனான். ராஜரத்தினம் வரவில்லை. வாந்திபேதியில் போய்விட்டான் என்று சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் சொன்னான். தேவதாஸ் வந்தான், கழுத்தில் வெந்த தழும்போடு. வெல்டிங் தெரியாது என்றதற்கு அடி வாங்கி, அடி வாங்கியே தொழிலைக் கற்றிருந்தான்.

அடுப்படி வாசலில் நின்று கேட்டான். "அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னை விட்டிருப்பான். ஏன் அண்ணி சொல்லலை?"

"கண்ணு தெரியலைன்னு உங்க அண்ணன் எத்தனை வார்த்தை சொன்னாரு. யாரு விட்டா?"

அவன் முன் அறைக்குத் திரும்பினான். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வாரமே சாரதாம்பாள் வீட்டை விட்டுக் கிளம்பினாள். ஒரு கொப்பரையை விஜயாவுக்கு விட்டாள். பொன்னுதுரை பட்டறையை மறுபடி திறந்திருந்தார், வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவித்தார். அவள் போய் நின்றதும், "நீரோ?" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு, ஒழுகும் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.